புதுச்சேரியில் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்: புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

இரண்டு உருவங்களை ஒன்றாகப் பொருத்தி, அதன் வழியே தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்வது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் நீங்கள் கண் வைக்கும் ஜன்னல் வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருந்தாலும் ஜன்னலில் கடற்கரைச் சாலை பளிச்சென்று தெரியும். எடுத்த படமெல்லாம் கறுப்பு என்பது பிறகுதான் தெரியவரும். இந்தக் கேமராவின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு அமைப்பிலிருந்து வருபவைதான். டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் பழக்கத்தோடு வருகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

ஜன்னலில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே கூர்மையில் தெரியும். பின்னணி எவ்வளவு மங்கும், ஃபில்டரில் கைரேகை இருக்கிறதா, ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று எதையும் அது சொல்லாது. பதிலுக்கு, ஷட்டர் விழும் கணத்திலும் காட்சி மறையாது. ஃபிரேமுக்குள் யார் நுழையப் போகிறார்கள் என்பதும் முன்கூட்டியே தெரியும். தெருவில் படம் எடுப்பவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

எது ரேஞ்ச்ஃபைண்டர், எது இல்லை

‘ரேஞ்ச்ஃபைண்டர் மாதிரி’ என்று சொல்லி விற்கப்படும் பல கேமராக்கள் தோற்றத்தில் மட்டும்தான் அப்படி. ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையில் ஆப்டிகல் ஜன்னல் உண்டு. ஆனால் ஃபோகஸைக் கண்டுபிடிப்பது சென்சார். சோனி ஏ7சி-யில் ஜன்னல் இடது ஓரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்; அதற்குள் இருப்பது சின்னத் திரை. இரண்டும் நல்ல கேமராக்களே. ஆட்டோஃபோகஸ் வேண்டும் என்று நினைப்பவர்கள் தயங்காமல் அந்தப் பக்கம் போய்விடலாம்.

உண்மையான டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1 முதலாவது, 6 மெகாபிக்சல். லைக்காவிலிருந்து 2006-இல் எம்8, 2009-இல் முழு ஃபிரேம் சென்சாருடன் எம்9, 2017-இல் எம்10, 2022-இல் எம்11 வந்தன. பிரான்சில் பிக்ஸி என்ற சிறு நிறுவனமும் செய்கிறது. அதன் முதுகில் திரை கிடையாது, எடுத்த படத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும். 2025-இல் லைக்கா வெளியிட்ட எம் இவி1-இல் எம் வரிசை லென்ஸ்களை மாட்டும் எம் மவுன்ட் உண்டு, ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை. அந்த இடத்தில் மின்னணு வ்யூஃபைண்டர். பெயரில் எம் இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

பழைய பாடி வாங்குவதானால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எம்8-இல் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடி மெல்லியது. கறுப்பு பாலியெஸ்டர் துணி ஊதாவாக விழும். லென்ஸுக்கு முன்னால் யூ.வி./ஐ.ஆர். ஃபில்டர் போட்டால்தான் சரியாகும். எம்9-இல் முதலில் வந்த சென்சார்களின் மேல்கண்ணாடி அரித்துப் போவது உலகம் அறிந்த குறை. லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து (எண் பெரிதானால் துளை சிறிது) வெறும் வானத்தை எடுத்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் புள்ளியும் சுற்றி ஒளிவட்டமுமாகத் தெரிந்தால் அது தூசி அல்ல, அரிப்பு. சென்சார் மாற்றப்பட்டதற்கான ரசீது இல்லாத எம்9-ஐக் கடலோர ஊர்க்காரர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

இது யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊசுட்டேரியில் பறவை எடுக்க இது உதவாது. படத்தில் எதுவரை விழும் என்பதை ஜன்னலுக்குள் தெரியும் கோடுகள்தான் காட்டும். 135 மி.மீ. லென்ஸுக்கான கோடுகளே நடுவில் சின்னக் கட்டமாகத்தான் தெரியும். அதற்கு மேலான லென்ஸுக்குக் கோடே கிடையாது. ரேஞ்ச்ஃபைண்டர் அளக்கும் மிகக் குறைந்த தூரம் பெரும்பாலும் 0.7 மீட்டர் என்பதால் மூக்குத்தி, கோலத்தின் ஒரு புள்ளி போன்ற நெருக்கமான படங்களுக்கும் ஏற்றதல்ல. சில புதிய லென்ஸ்கள் இன்னும் அருகில் போகும், ஆனால் 0.7-க்குக் கீழே பின்திரையில் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

முதல் லென்ஸ் 35 அல்லது 50 மி.மீ. ஆகட்டும். ஒயிட் டவுன் தெருக்களின் அகலத்துக்கு 35 சரியாக உட்காரும். கண்ணாடி அணிபவர்கள் 28-ஐ இப்போதைக்கு மறந்துவிடலாம். எம்10, எம்11 ஜன்னலின் உருப்பெருக்கம் 0.73. கண்ணாடி போட்ட கண்ணுக்கு 28-இன் ஓரக் கோடுகள் ஒரே பார்வையில் அகப்படாது.

உள்ளே நடப்பது

முன்புறத்தில் இரண்டு ஜன்னல்கள் முக்கியம். ஓரத்தில் இருக்கும் பெரியது நீங்கள் பார்ப்பது. லென்ஸுக்கு மேலே உள்ள சின்னது அதே காட்சியை சுமார் 69 மி.மீ. தள்ளி நின்று பார்க்கிறது. சின்ன ஜன்னலின் காட்சி, பெரிய ஜன்னலின் நடுவே ஒரு வெளிச்சக் கட்டமாக விழும். பொருள் ஃபோகஸில் இல்லாதபோது அந்தக் கட்டத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும்.

லென்ஸைக் கழற்றிப் பார்த்தால், மவுன்டுக்குள் மேல்பக்கம் ஒரு சிறிய உருளை தெரியும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸின் பின்விளிம்பு இந்த உருளையைத் தள்ளும். உருளை உள்ளே இருக்கும் கையை அசைக்கும். இரண்டாவது உருவம் பக்கவாட்டில் நகரும். இவ்வளவும் வெறும் இயந்திர இணைப்பு. லென்ஸ் மாற்றும்போது அந்த உருளையில் விரலோ துணியோ படக் கூடாது. நூலிழை அளவு நகர்ந்தாலும் எல்லா லென்ஸுக்கும் ஃபோகஸ் தவறும்.

வெளியே இருப்பவை குறைவு. வலது மேலே ஷட்டர் டயல்: ஏ-யில் வைத்தால் கேமரா வேகத்தைத் தேர்ந்தெடுக்கும், எண்ணில் வைத்தால் நீங்கள். எம்10, எம்11-இல் இடது மேலே, ஒளிக்கான உணர்திறனை மாற்றும் ஐ.எஸ்.ஓ. டயல், மேலே இழுத்தால்தான் திரும்பும், தெரியாமல் இழுக்காதீர்கள். அப்பர்ச்சர் லென்ஸ் வளையத்திலேயே இருக்கிறது. எம்10-இல் பேட்டரியும் கார்டும் அடித்தகட்டைக் கழற்றினால்தான் வெளியே வரும். கடற்கரை மணலில் நின்றுகொண்டு அதைச் செய்ய மூன்று கை வேண்டும். எம்11-இல் அடித்தகடு இல்லை. நெம்பைத் திருப்பினால் பேட்டரி சற்றே இறங்கி நிற்கும், மறுபடி லேசாக அழுத்தினால் முழுதாக வரும். கார்டு போக 64 ஜி.பி. உள்நினைவகமும் அதில் உண்டு. கறுப்பு பாடியின் மேல்தகடு அலுமினியம், 530 கிராம். வெள்ளி நிறப் பாடியின் மேல்தகடு பித்தளை, 640 கிராம். வீடியோ கிடையாது, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியும் கிடையாது.

முதல் நாள் செய்ய வேண்டிய அமைப்புகள்: பதப்படுத்தாத கோப்பான டி.என்.ஜி.-யோடு ஜேபெக்கும் சேர்த்துப் பதியட்டும். எம்11-இல் 60, 36, 18 மெகாபிக்சல் என்று மூன்று அளவு உண்டு. மூன்றும் சென்சாரின் முழுப் பரப்பையும் பயன்படுத்துகின்றன. கற்றுக்கொள்ளும் காலத்தில் 36 போதும். 60-இல் சின்னக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரிந்து வீணாக மனம் நோகும். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. உச்சம் 6400. குறைந்தபட்ச வேகம், லென்ஸின் மி.மீ. எண்ணைப் போல் இரு மடங்கு: 50 மி.மீ. என்றால் 1/100, நடக்கும் மனிதர்கள் என்றால் 1/250.

ஃபோகஸ் பழகுவது

இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரும் வெள்ளைப் பட்டையும் சேரும் செங்குத்தான ஓரம் ஏதாவது ஒன்றின் முன் 2 மீட்டரில் நில்லுங்கள். கேமராவின் அடி இடது உள்ளங்கையில் உட்காரட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஃபோகஸ் வளையத்தில். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்துத் தொடங்குங்கள். கட்டத்தை அந்த ஓரத்தின் மேல் வைத்து, வளையத்தை ஒரே திசையில் மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றானதும் நிறுத்தி உடனே ஷட்டரை அழுத்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தேடினால் கண் குழம்பும், அதற்குள் உங்கள் உடலும் சாய்ந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2, 1 மீட்டர் என்றால் கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ 4.5 செ.மீ. தான். மூச்சு விட்டாலே அதில் பாதி போய்விடும்.

இரண்டாவது உருவம் பக்கவாட்டில் மட்டுமே நகரும் என்பதை மனத்தில் வையுங்கள். அதனால் கிடைக்கோடுகள் உங்களை ஏமாற்றும். தொடுவானத்தின் மேல் கட்டத்தை வைத்தால், ஃபோகஸ் எங்கே இருந்தாலும் கோடு கோட்டின் மேலேயே வழுக்கி, சேர்ந்துவிட்டதைப் போலவே காட்டும். பிரெஞ்சுக் கால வீடுகளில் மரச்சட்டங்களைக் கிடையாக அடுக்கிய ஜன்னல் கதவுகளும் இப்படித்தான். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி ஃபோகஸ் செய்துவிட்டு மறுபடி கிடையாக்குங்கள்.

ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் உருவங்கள் அடுத்த பொறி. காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்கள், இரும்புக் கிராதி, தென்னங்கீற்று இவற்றில் ஒரு கம்பியின் உருவம் பக்கத்துக் கம்பியோடு பொருந்திவிடும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். லென்ஸில் உள்ள தூர எண்ணை ஒரு பார்வை பாருங்கள். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் தூணுக்கு அது 3 என்று காட்டினால் பொருந்தியது தவறான தூண்.

மனித முகத்தில் நெற்றிப் பொட்டின் மேல் கட்டத்தை வைக்கத் தோன்றும். எளிதுதான், ஆனால் நெற்றி கண்ணைவிட ஓரிரு செ.மீ. முன்னால் இருக்கிறது. எஃப்/2-இல் அந்த வித்தியாசம் படத்தில் தெரியும். இமை ஓரத்தையோ மூக்குக் கண்ணாடியின் சட்டத்தையோ பிடியுங்கள்.

காலை வேளையில் இன்னொரு தொல்லை வரும். நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலைப் பார்த்து எடுக்கும்போது சின்ன ஜன்னலில் வெயில் விழுந்து கட்டம் வெளுத்துப்போகும். கண்ணை ஜன்னலின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள்; போதவில்லை என்றால் சின்ன ஜன்னலுக்கு மேலே கையால் நிழல் கொடுங்கள். கட்டமே காணவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் இடது கை விரல் அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டிருக்கும்.

தூரத்தை முன்பே வைத்துக்கொள்வது

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ கூட்டத்துக்குள் நின்றுகொண்டு கட்டத்தைப் பொருத்திக்கொண்டிருக்க முடியாது. அங்கே 35 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து, தூரத்தை 3 மீட்டருக்குத் திருப்பிவிடுங்கள். சுமார் 1.9 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை கூர்மையாக வரும். கேமராவை உயர்த்த வேண்டும், அழுத்த வேண்டும், அவ்வளவே. ஆட்டோஃபோகஸ் கேமரா யாரைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் நேரத்தில் இது எடுத்து முடித்திருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஆழ அளவுகள் ஃபிலிம் காலக் கணக்கு. 60 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு அதே 3 மீட்டர், எஃப்/8-இல் ஏறத்தாழ 2.2 முதல் 4.9 மீட்டர் வரைதான் உண்மையில் கூர்மை. ஆகவே எஃப்/8-இல் எடுக்கும்போது லென்ஸில் எஃப்/5.6-க்குப் போட்ட கோடுகளைப் படியுங்கள்.

பெரிய மார்க்கெட்டின் உள்ளே வெளிச்சம் குறைவு. அங்கே எஃப்/5.6, 2 மீட்டர்: ஃபிலிம் கணக்கிலேயே 1.6 முதல் 2.7 மீட்டர் வரைதான். மீன் விற்பவரின் முகத்துக்கு இது போதும், அவருக்குப் பின்னால் இருப்பவருக்குப் போதாது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடப் பழகுவதற்கு ஒரு எளிய வழி: ஒரு பொருளின் தூரத்தை முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு கட்டத்தைப் பொருத்தி லென்ஸ் எண்ணோடு ஒப்பிடுங்கள். விரல் பிடிக்கும் நாக்கு லென்ஸில் இருந்தால் அது நேர் கீழே நிற்கும்போது எத்தனை மீட்டர் என்பதை மனப்பாடம் செய்யுங்கள். பார்க்காமலேயே ஃபோகஸ் வைக்கலாம்.

ஃபிரேம் கோடுகள்

கோடுகள் இணை இணையாக வரும்: 28-உம் 90-உம், 35-உம் 135-உம், 50-உம் 75-உம். லென்ஸை மாட்டியதும் அதற்குரிய இணை தானாக வந்துவிடும். முன்னால் உள்ள சிறு நெம்பைத் தள்ளினால் மற்ற இணைகளையும் பார்க்கலாம். லென்ஸ் மாற்றலாமா என்று முடிவுசெய்ய உதவும். ஃபோகஸ் செய்யும்போது கோடுகள் நகர்ந்து, ஜன்னலும் லென்ஸும் தள்ளி இருப்பதால் வரும் வித்தியாசத்தை ஈடுகட்டும். ஆனால் அளவு மாறாது. எம்10, எம்11 கோடுகளின் அளவு 2 மீட்டர் தூரத்துக்குச் சரி. தூரக் காட்சியில் கோட்டுக்கு வெளியே உள்ளதும் கொஞ்சம் விழும், 0.7 மீட்டரில் கோட்டுக்குள் இருப்பதே கொஞ்சம் வெட்டுப்படும். பழைய கலங்கரை விளக்கத்தைத் தூரத்திலிருந்து எடுக்கும்போது, ஓரத்தில் நிற்கும் வண்டி கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

வெளிச்சம்

நண்பகல் வெயிலில் மணல்வெளியில் எஃப்/8, 1/1000, ஐ.எஸ்.ஓ. 200 என்று தொடங்கினால் பெரிதாகப் பிசகாது. அதே வெயிலில் எஃப்/1.4 வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ. 64-இலேயே 1/8000 தேவைப்படும். எம்11-இன் இயந்திர ஷட்டர் 1/4000 வரைதான். மின்னணு ஷட்டர் 1/16000 வரை போகும், ஆனால் ஓடும் பைக்கின் சக்கரம் கோணலாக விழலாம். வெளிச்சத்தைப் பாதி பாதியாக மூன்று முறை, அதாவது மூன்று ஸ்டாப் குறைக்கும் என்.டி. ஃபில்டர் ஒன்று பையில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும்போது ஜன்னலின் அடியில் சிவப்பு முக்கோணங்கள் தெரியும். இடது முக்கோணம் எரிந்தால் வெளிச்சம் போதாது, வலது எரிந்தால் அதிகம், நடுப்புள்ளி மட்டும் என்றால் சரி. ஃபிரேம் முழுக்க வெள்ளைச் சுவர் நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். 2/3 ஸ்டாப் கூட்டுங்கள். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவரின் முகம் இருளும். ஏ-யில் இருந்தால் கேமராவைத் தரைப்பக்கம் தாழ்த்தி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தபடி மறுபடி உயர்த்தி எடுங்கள். ஒருமுறை வெளுத்துப்போன வானத்தைப் பிறகு மீட்க முடியாது. நிழலை ஓரளவு மீட்கலாம். சந்தேகம் வந்தால் சற்றே இருட்டாக எடுப்பது நல்லது.

ரேஞ்ச்ஃபைண்டர் சரியாக இருக்கிறதா

புதிதாக வாங்கினாலும் பழையது வாங்கினாலும் முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். கீழே விழுந்தாலும் மறுபடி செய்யுங்கள்.

1. இருட்டியபின் கடற்கரைச் சாலைக்குப் போய், தொலைவில் நிற்கும் படகு ஒன்றின் விளக்கைக் கட்டத்துக்குள் கொண்டு வாருங்கள். லென்ஸ் முடிவிலியில் முட்டி நிற்கும்போது இரண்டு ஒளிப்புள்ளிகளும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகி நின்றால் முடிவிலி அளவு பிசகியிருக்கிறது. மேலும் கீழுமாக விலகி நின்றால் செங்குத்து அளவு பிசகியிருக்கிறது.

2. வீட்டில் ஸ்டாண்டு போட்டு, 1 மீட்டரில் ஒரு அளவுகோலை 45 பாகை சாய்த்து வையுங்கள். அப்பர்ச்சர் முழுதும் திறந்திருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட கோட்டின் மேல் ஃபோகஸ் செய்து ஐந்து படம். ஒவ்வொரு முறையும் முடிவிலிக்குத் திருப்பிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

3. அதே கோட்டைப் பின்திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். இது ஒப்பிடுவதற்கு.

4. ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் தவறு உங்கள் கையில், பழகினால் போகும். ஐந்தும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் இன்னொரு லென்ஸில் திரும்பச் செய்யுங்கள். இரண்டிலும் அப்படியே என்றால் பாடி, ஒன்றில் மட்டும் என்றால் அந்த லென்ஸ்.

அப்பர்ச்சர் மிகப் பெரிதாகத் திறக்கும் சில லென்ஸ்களில் அதைக் குறைக்கும்போது ஃபோகஸே சற்றுப் பின்னால் நகரும். எஃப்/1.5-இல் சரி, எஃப்/2.8-இல் தவறு என்று வந்தால் அது பழுது அல்ல, லென்ஸின் வடிவமைப்பு. சரிசெய்கிறேன் என்று இணையத்தில் பார்த்து உருளையின் திருகைத் திருப்புவதை மட்டும் செய்யாதீர்கள். முடிவிலியைச் சரிசெய்தால் 1 மீட்டர் போகும், அதைச் சரிசெய்தால் இது போகும். சர்வீஸுக்கு அனுப்பும்போது லென்ஸையும் சேர்த்து அனுப்புங்கள்.

உப்புக்காற்றும் மழையும்

கடலோரத்தில் கேமராவைக் கெடுப்பவை உப்பும் ஈரமும். திரும்பி வந்ததும் முதலில் காற்றடிப்பானால் மணலை ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் பாடியைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி. மூன்று கண்ணாடிகளையும் துடைக்க மறக்காதீர்கள்: லென்ஸின் முகம், பெரிய ஜன்னல், சின்ன ஜன்னல். சின்ன ஜன்னலில் உப்புப் படிந்தால் கட்டம் மங்கும். பலர் இதைக் கேமராக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கும் உலர் பெட்டி வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். அரிசி டப்பாவில் போடும் வழக்கம் வேண்டாம். அரிசித் தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் இறங்கும். தோல் உறையோடு பூட்டி வைக்கவும் வேண்டாம், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தவுடன் கண்ணாடிகளில் ஆவி படியும். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்துவிட்டு எடுங்கள். ஜன்னலின் உள்ளே ஆவி படிந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எம்11 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது சென்சாரிலிருந்தே வெளிச்சத்தை அளப்பதால், கேமரா இயங்கும்போது ஷட்டர் திறந்தே இருக்கும். அப்பர்ச்சரைத் திறந்து வைத்தபடி கடற்கரைச் சுவரில் லென்ஸ் சூரியனைப் பார்க்கும்படி விட்டுவிடக் கூடாது. தோளில் தொங்கும்போது அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்துபோகிறவர் மூடியைப் போடட்டும், எடுக்கும் முன் கழற்ற மறவாமல்.

சென்சாரில் தூசி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை எஃப்/16-இல் வானத்தை எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால், பேட்டரி நிறைந்திருக்கும்போது மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்து, மவுன்ட் கீழே பார்க்கும்படி பிடித்து, காற்றடிப்பானின் முனை உள்ளே போகாமல் நான்கைந்து முறை ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். அதற்கும் போகாத புள்ளி எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். ஈரத் துடைப்பானைக் கையாண்டு பழக்கம் இல்லாதவர்கள் அதைச் சர்வீஸில் கொடுத்துவிடலாம்.